இரண்டாம் ஃபிரெட்டில் நின்ற பாட்டு

என் பாட்டுக்கார அண்ணாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிறு பின்னேரம் நீ வழக்கமாகப் பாடும் பப்பில் உன் புதுப் பாட்டைப் பாடிவிட்டேன். கிற்றாரை விற்கவில்லை. அப்பாடா என்றிருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் நீ விபத்தில் இறந்தபிறகு வீட்டில் ஒரு வருஷம் பாட்டே இல்லை. வருஷ முடிவில் வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை கிற்றாரைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். மறுநாள் பெட்டியைத் திறந்தேன். கிற்றாரின் கழுத்தில், இரண்டாம் ஃபிரெட் என்ற குறுக்குக் கட்டில், உன் கேப்போ கவ்வியபடியே இருந்தது. கடைசி நிகழ்ச்சியில் நீ மாட்டிய கிளிப். மேலே நகர்த்தினால் சுருதி ஏறும், கீழே நகர்த்தினால் இறங்கும். இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நீ வைத்த இடத்திலிருந்து அதை அசைக்கக் கை வரவில்லை.

அந்தக் கடைசி நிகழ்ச்சியன்று எனக்கு வேலை ஷிஃப்ட். நீ தனியே போய்த்தான் அந்தப் புதுப் பாட்டை முதல்முதல் பாடினாய். வீட்டில் நீ முணுமுணுத்த மெட்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்; ஆகவே நீ முடிவு செய்த சுருதி அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பப் முதலாளி மறக்கவே இல்லை. அண்ணா அன்றைக்குப் பாடிய பாட்டை இன்னொருமுறை கேட்க வேண்டும், ஒரு பின்னேரம் தருகிறேன், வருவாயா என்று கேட்டார். சரி என்றேன். இந்தப் பாட்டைப் பாட முடியாவிட்டால் கிற்றாரை விற்றுவிடுவது என்றும் எனக்குள் முடிவெடுத்தேன். உன் சுருதிக்கு மேலே நின்று இரண்டாம் குரல் பாடித்தானே எனக்குப் பழக்கம்? 'மூண்டாம் கேற்றிலை நில் மச்சாள், ஷிஃப்ட் முடிஞ்சுது, வாறன்' என்ற முதல் வரியிலேயே, அந்தத் தாழ்ந்த சுருதியில், என் குரல் வெறும் காற்றாகிவிடும். இரண்டு மாதம் தொண்டையைப் போட்டு வதைத்தேன்.

இந்த நாட்டுக்கு வந்து, ட்ருகனினா வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டே நீ கட்டிய பாட்டுகளெல்லாம் என்னோடு முடிந்துவிடுமோ என்று பயந்தேன், அண்ணா. கோயில் மண்டபத்தில் நீ முதல்முதல் பாடியபோது, "தம்பி, சினிமாப் பாட்டு ஒண்டும் தெரியாதோ?" என்று ஒரு அங்கிள் கேட்டாரே, நினைவிருக்கிறதா? லொறி, நாய், விட்டுப்போன காதலி என்று வெள்ளைக்காரரின் கன்ட்ரி பாட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் எடுத்து, கூடவே வராத விசாக் கடிதத்தையும் வைத்து நீ பாடினாய். பப்பில் தமிழே தெரியாதவர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். பழைய வான் வண்டியில் எத்தனை ஊர் விழாக்களுக்குப் போனோம்! இரண்டு ஆல்பம் போட்டபிறகும் திங்கட்கிழமை காலை நீ வேலையில் நிற்பாய்.

ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை பாடிப் பார்த்தேன். குரல் உடைந்தது. அழுதுவிட்டேன். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை அந்தப் பாதாளத்துக்கை இறங்கிப் பாடுறாய்?"

"அண்ணா வைச்ச சுருதி அம்மா."

"விசரி! அண்டைக்கு அவனுக்குச் சளி பிடிச்சுத் தடிமன். தொண்டை அடைச்சுப்போச்சு, இறக்கித்தான் பாட வேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். நான் மல்லித்தண்ணி வேறை அவிச்சுக் குடுத்தனான்."

தடிமனா? நான் இரண்டு மாதம் தொட்டுக் கும்பிட்டது உன் தடிமனையா? அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். நீ போனபிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேப்போவைக் கழற்றி ஏழாம் ஃபிரெட்டில் மாட்டினேன். பாட்டு அப்படியே என் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது.

பப்புக்கு ஒருநாளும் வராத அம்மா அன்றைக்கு வந்தார். முன்வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம், "மை சன் சோங்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "மை டோட்டர் வொய்ஸ்" என்றார். எனக்கு அது போதும்.

இனி உன் பாட்டுகளை என் சுருதியில்தான் பாடுவேன், அண்ணா, நிறுத்த மாட்டேன். எனக்குத் தடிமன் பிடித்தால் நானும் இறக்கிப் பாடுவேன். எனக்குப் பிறகு யாராவது அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு அழுதால், உண்மையைச் சொல்ல அம்மாவைப்போல ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும்.

உனக்கு இரண்டாம் குரலாக நின்ற, இப்போது முதல் வரியைப் பாடுகிற,
உன் தங்கச்சி சுதா