அப்பாவின் தோளும் என் ஆறரையும்

அன்பு மகள் தூவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் சுகம், அப்பாவின் வலது தோள் மட்டும் சுகமில்லை. பெர்த்தில் நீயும் உன் வெயிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்டோபரில் மூஸ் மான் வேட்டைக்கு வருகிறாய், எந்தத் துப்பாக்கி, எந்த அளவுத் தோட்டா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அப்பாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாயே, அதுவரைக்கும் நல்லது. போன வருடம் அவர் ஒரு பெட்டை மூஸைக் காயப்படுத்திவிட்டு, அது கிடைக்கும்வரை நாயோடு சதுப்பில் அலைந்தது உனக்குத் தெரியும். எட்டு மில்லித் தோட்டா போதாது என்பதுதான் அதில் அவர் கற்ற பாடம். உடனே ஒன்பது புள்ளி மூன்று மில்லித் துப்பாக்கி வாங்கினார். அது உதைத்த உதையில் ஜூலை முழுக்கத் தோள் கன்றிப்போயிருந்தது, பயிற்சிக் களத்தில் தண்டவாளத்தில் ஓடுகிற மூஸ் உருவப் பலகைக்குப் பின்னங்காலைத் தவிர வேறெங்கும் அடி படவில்லை. காற்று தள்ளிவிட்டது என்றார். எங்கள் வேட்டைக் குழுத் தலைவர் பெர்யே, இன்னொரு மூஸ் காயப்பட்டால் அப்பா சிக்ஸ்டனுக்குக் காட்டில் இடமில்லை, பட்டாணி சூப் கிண்டத்தான் வரலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அக்டோபரில் காட்டுக்குப் போகாத அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், நீயே சொல்.

ஞாயிற்றுக்கிழமை நானும் களத்துக்குப் போனேன். அவர் காபி ஊற்றப் போன நேரத்தில், தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தில்லாத தோட்டா ஒன்றைச் செருகி வைத்தேன். பலகை ஓடியது, விசையை இழுத்தார், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழல் ஒரு சாண் கீழே இறங்கியது, கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துப்பாக்கிக்கே இப்படி, அன்று காற்றும் இல்லை. திட்டுவார் என்று பார்த்தேன், துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், "அந்தப் பெட்டை முனகுச்சே குன்வோர், அதுல இருந்து விசையில விரல் வச்சாலே எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொம்பளைத் துப்பாக்கி என்று இத்தனை வருடம் கேலி செய்தாரே, என் ஆறரை மில்லி, அதை மறுநாள் அவரே எடுத்துக்கொண்டு போனார். பலகையின் நெஞ்சிலேயே வரிசையாகப் பட்டது. என் துப்பாக்கிக்குக் காற்று அடிப்பதில்லை போலிருக்கிறது. இப்போது துப்பாக்கி இல்லாதவள் நான்தான், ஆகவே நீயும் ஆறரையே வாங்கு, இருவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். சுடும்போது உன் கண் மூடாத துப்பாக்கி எதுவோ அதுவே உனக்குப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறையை மறக்காதே, கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இன்னொன்று. அந்தப் பெரிய துப்பாக்கியை உனக்காகத்தான் வைத்திருப்பதாக அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீட்டினால் உடனே வேண்டாமென்று சொல்லிவிடாதே. வாங்கி, தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்களாலதான்ப்பா சுட முடியும்" என்று சொல்லித் திருப்பிக் கொடு.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா குன்வோர்