நாளைக்கு ஒத்திகை, யாரு படுக்கிறது?

என் கூடப் பொறந்த அண்ணாத்தைக்கு,

அதான் அண்ணாத்த, நானும் ஒரு வாரமா அதையேதான் கேட்டுகினு கீறேன், யார படுக்க வெக்கிறது? கேட்டா எல்லாரும் கடல பாக்குறாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒத்திகை. டவுன்லேந்து பயிற்சி சார் வந்துருவாரு. மத்ததெல்லாம் ரெடி. படுக்கத்தான் ஆளு இல்ல.

நீ போயி வருசம் ஒண்ணு ஓடிப்போச்சி. தெவசத்துக்கு உனுக்குப் புடிச்ச வஞ்சிரம் வெச்சிப் படைச்சோம். அன்னிக்கி உங்கிட்ட ரெண்டு வார்த்த பேசலாம்னா வூடு பூரா ஜனம். அதான் எழுதுறேன். இத நம்ம மகளிர் குழு பத்திரிகையில போடச் சொல்லப் போறேன். ஊரும் படிக்கட்டும். எட்டாங்கிளாசு படிச்சவ எழுதுறது, தப்பு கிப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சிக்கோ.

சுனாமி வந்துட்டுப் போன அடுத்த வருசம் நம்ம குப்பத்துல பேரிடர் குழுன்னு ஒண்ணு வெச்சாங்களே. தலைவி யாருன்னு கேட்டப்ப நீதான் கையத் தூக்குன. "எங்க கன்னியம்மாவப் போடுங்க சார். அது பேசுனா மகாபலிபுரம் வரைக்கும் கேக்கும், மைக்கு செலவு மிச்சம்"ன. ஜனம் சிரிச்சுது. நானும் எல்லையம்மன நெனச்சிகினு கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கி மாட்டுனவதான், இன்னும் வெளிய வரல.

வருசா வருசம் ஒத்திகைக்கு நெரப்புற அந்த ஃபாரத்த நீ பாத்துக்கீற. இருபத்திரண்டு வரி. சைரன் ஊதி எத்தினி நிமிசத்துல ஜனம் புயல் கூடத்துக்கு ஏறுச்சி, மாசமா கீற பொண்ணுங்கள யாரு இட்டாந்தது, நடக்க முடியாதவங்க எத்தினி பேரு, தண்ணி இருந்துச்சா, டார்ச்சு எரிஞ்சுதா, எல்லாத்துக்கும் ஒரு டிக்கு. இருபத்தோரு வரிக்கு நான் கண்ண மூடிகினு டிக்கு போடுவேன். கடைசி வரிதான் ஆளக் கொல்லுது. அடிபட்டவர ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு போவணும். உசுரோட கீற ஆளு படுக்கணும், போட்டோ வெக்கணும். குழுத் தலைவி படுக்கக் கூடாது, அவ நின்னு வேலை வாங்கணும்.

ஒரு வரி காலியா கெடந்தாலும் தகுதி இல்லன்னு எழுதிடுவாங்களாம். எழுதிட்டா சைரனு, ஒயர்லெஸ் பொட்டி, மெதக்குற சட்டை எல்லாத்தையும் வண்டில ஏத்தி வேற குப்பத்துக்குக் குடுத்துடுவாங்க. போன ஐப்பசில காத்து எழுந்துச்சி பாரு, அந்தச் சைரனக் கேட்டுத்தான் கடலுக்குப் போன நாலு போட்டு பாதிலேயே திரும்பி வந்துச்சி. அதுல ஒண்ணு உன் மச்சானோடது. அப்ப சைரன் இல்லன்னா நான் இன்னிக்கி இந்தப் பொட்டோட உனுக்கு எழுதிகினு இருப்பனா?

ஸ்ட்ரெச்சருன்னா ஆஸ்பத்திரில கீற மாதிரி சக்கரம் வெச்சதா குடுத்தாங்க? ரெண்டு மூங்கி கழி, நடுவுல கம்பளி, அவசரத்துக்குக் கையில கெடைக்கறதுல கட்டுறதுக்குத்தான் பயிற்சியே. கட்டி முடிச்சி மணல்ல வெச்சா அது இன்னா மாதிரி கீதுன்னு சாருக்குப் புரியல. நம்ம ஜனத்துக்குப் பாத்தவொடனே புரிஞ்சிபோச்சி. உசுரு போனவனத்தான நாம மூங்கில்ல கட்டித் தூக்குவோம். உசுரோட கீறவன் அதுல சாஞ்சா, இடம் அளவு எடுத்துட்டான்னு எமன் குறிச்சிகினு போவான்னு சொல்ற ஊரு இது. நானும் அந்த ஊருதான் அண்ணாத்த. எனுக்கும் அந்தப் பயம் கீது. வெள்ளிக்கெழமை தவறாம வெளக்கு போடுறவ நான், இல்லன்னு பொய்யா சொல்லுவேன்?

போன வருசம் நீ படுத்த. கண்ண மூடிகினு, கால நீட்டிகினு, "எவனாவது சங்கு ஊதுங்கடா"ன்ன. எல்லாரும் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சோம். அண்ணி மட்டும் முந்தானைய வாயில வெச்சிகினு வூட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க.

அந்த ஒத்திகைலேந்து இருபதாம் நாளு வலை இழுத்துகினு இருந்தவன் அப்பிடியே மணல்ல குந்தி ஒரு பக்கமா சாஞ்ச. ஸ்ட்ரெச்சர எடுத்துகினு வாங்கடான்னு நான் தொண்ட கிழியக் கத்துனேன். ஒருத்தன் நவுரல. "மூச்சு கீறப்பவே அதுல வெக்கறதா அக்கா?"ன்னான் ஒருத்தன். நாலு பேரு கையும் காலும் புடிச்சித் தூக்கினு ஓடுனாங்க. தல தொங்கிகினே போச்சி. பின்னாடியே ஓடி வந்தவ நான், அந்தத் தல ஆடுனது இன்னும் கண்ணுலயே நிக்குது. ரோட்டுக்குப் போயி வண்டி புடிச்சி கடப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. ஒழுங்கா தூக்கியிருந்தா பொழச்சிருப்பியா? டாக்டரக் கேட்டேன். அவரு என் மொகத்தப் பாத்துட்டு, வூட்டுக்குப் போங்கம்மான்னுட்டாரு.

உன் பதினாறாம் நாளு காரியத்தன்னிக்கி அண்ணி எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "நீ ஃபாரம் நெரப்பறதுக்கு என் புருசனக் கூப்ட்டு படுக்க வெச்ச." அப்பால ஒரு வருசமா பேச்சு இல்ல. தண்ணிக் கொழாய்ல நான் போனா அவங்க கொடத்த எடுத்துகினு போயிடுவாங்க. ஊரும் அதான் சொல்லுது. கன்னியம்மா கூப்ட்டுது, அண்ணன் தட்ட மாட்டாம வந்தான்னு. நானும் அப்பிடித்தான் நெனச்சிகினு கீறேன். கூப்புட்டுதான் இருப்பேன். என் வாயி எனுக்குத் தெரியாதா?

இந்த வாரம் கூட்டம் போட்டேன். கடைசில பின்னாடிலேந்து ஒருத்தி, "தாலி இல்லாதவ யாராவது படுக்கட்டுமே, அவளுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது"ன்னா. பாதி கூட்டம் அண்ணி வூட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துது. எனுக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிபோச்சி. நல்லா குடுத்துட்டேன் அவளுக்கு. ஆனா குடுத்துட்டு இன்னா? வரி காலியாத்தான் கெடக்குது.

சாருக்கு போன் போட்டு அழுதேன். அவரு நல்லவருதான், பாவம். முந்தாநாளு நேர்ல வந்து பையிலேந்து ஒரு போட்டோவ எடுத்துக் குடுத்தாரு. "அக்கா, போன வருசத்து படத்தையே வெச்சிடலாம். மொகம் பாதிதான் தெரியுது, யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டோவுல நீ. மூங்கில்ல. பல்லு தெரிய.

ரெண்டு நாளா அத அம்மன் படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிகினு உக்காந்துகினு கீறேன். கையெழுத்து போட்டா செத்துப்போன உன்ன மறுபடி படுக்க வெச்சவ ஆவேன், தூக்குற பசங்களும் ஒண்ணும் கத்துக்க மாட்டானுங்க. போடலன்னா சைரன் போயிடும். தலைவி பதவிய வுட்டுடலாம்னா, பதிலுக்கு ஆளு காட்டாம வுட முடியாதாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான். உன் மச்சான் சோறு துன்ன வரச் சொல்லிக் கத்துறாரு, எனுக்கு எறங்கல. கோயில்ல பூ கேட்டேன். வலது பக்கமும் வுழல, இடது பக்கமும் வுழல. பூசாரி, நாளைக்கி வந்து கேளுன்னுட்டாரு. நாளைக்கிதான ஒத்திகையே.

இன்னிக்கிக் காலைல அண்ணி வூட்டுக்குப் போனேன். அவங்க வாசல்ல குந்தி மீன் ஆஞ்சிகினு இருந்தாங்க. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நானே எதிர்ல குந்தி போட்டோ விசயத்தச் சொன்னேன்.

"அவர இன்னொரு வாட்டி படுக்க வெக்கப் போறியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப யாரு, நானா? கூட்டத்துல பேசுனது எனுக்கும் காதுல வுழுந்துச்சி."

"நான் படுக்குறேன் அண்ணி. ஆனா தலைவி படுக்கக் கூடாதுன்னு போட்டு கீது. நாளைக்கி ஒரு நாளு நீங்க தலைவியா இருங்க. மைக்க நீங்க புடிச்சாத்தான் நான் படுக்க முடியும்."

அருவாமனைல இருந்த கை நின்னுபோச்சி. அப்பால சொன்னாங்க, "வாய மூடிகினு படுப்பியா நீ?"

ஒரு வருசம் கழிச்சி அண்ணி எங்கிட்ட பேசுன பேச்சு இது அண்ணாத்த. சிரிக்கல, ஆனா சிரிப்பு வர்ற மாதிரி ஒதடு ஒரு பக்கமா போச்சி. சரின்னு சொல்லல. ஃபாரத்த வாங்கி, ஈரக் கையோட, தலைவின்னு போட்ட எடத்துல பேர எழுதுனாங்க. காயிதம் பூரா மீன் செதிலு.

பயமாத்தான் கீது. மூணு தரம் கற்பூரம் ஏத்திட்டேன். உன் மச்சான்கிட்ட இன்னும் சொல்லல, தெரிஞ்சா கத்துவாரு. ஆனா உங்கிட்ட வாக்கு குடுக்கறேன் அண்ணாத்த. நாளைக்கி நான் அதுல படுப்பேன். அந்த நாலு பசங்களையும் தலைய எப்பிடித் தாங்கணும்னு கத்துக்க வெக்காம எந்திரிக்க மாட்டேன். இனிமே இந்தக் குப்பத்துல யாரு தலையும் உன்னுது மாதிரி தொங்கிகினு போவாது. போட்டோவ அண்ணிகிட்டயே குடுத்துட்டேன்.

ஒரே வயித்துல உனுக்கு அடுத்துப் பொறந்த தங்கச்சி,
கன்னியம்மா

கையெழுத்து போட்டு மடிக்கிறப்பதான் ஞாபகம் வருது. போன வருசம் ஒத்திகைக்கு நான் உன்னக் கூப்புடல அண்ணாத்த. யாருமே கூப்புடல. நீயாதான் கரைலேந்து மேல ஏறி வந்த, நெஞ்சத் தடவிகினே. "மூச்சு வாங்குது கன்னிமா, செத்த படுத்துக்கறேன்"னு சொல்லிகினு அதுல சாஞ்ச. அன்னிக்கிக் காலைலதான் நெஞ்சு வலிக்கு இன்னா பண்ணணும்னு சார் பாடம் எடுத்திருந்தாரு. படிச்ச நாங்க பன்னெண்டு பேரும் உன்னச் சுத்தித்தான் நின்னோம். சிரிச்சிகினே தூக்குனோம்.