ஒரே இடத்தில் நிற்கும் மேகம்

மார்ச் 4

அன்புள்ள தங்கை வாலுவுக்கு,

நலம்தானே? உன் அண்ணிக்கு இருமல் குறைந்துவிட்டது. வெயில் நன்றாக அடிக்கிறது. துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது.

நம் காயப்போடும் மைதானத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அது யாரும் பயன்படுத்தாத வெற்று நிலமாம். லாரி நிறுத்தம் கட்டுவார்களாம். அப்பா காலத்திலிருந்து ஆஸ்பத்திரி விரிப்புகளை அங்கேதானே உலர்த்துகிறோம்? அந்தப் படங்கள் உன் ஆபீஸ் வழியாகத்தானே போகின்றன? ஒரு தடவை பார்த்துச் சொல்.

அண்ணன் ஜவுளித் துறையில் இருக்கிறார் என்று நீ அங்கே சொல்லி வைத்திருப்பது தெரியும். பொய் இல்லை. நாங்கள் விற்பதில்லை, துவைக்கிறோம், அவ்வளவுதான்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன். மேலிருந்து கடல் மூச்சு விடுவது போலிருக்கும். பாலைவனத் தூசி சமுத்திரம் தாண்டிப் போவது தெரியும். நம் கண்ணுக்கு எட்டாத நிறத்தில் காடுகள் ஒளிரும். இத்தனையும் பார்க்கிற கருவியின் படத்தில் உன்னைக் காணோம்.

செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை காலையில் நம் ஊரைக் கடக்கிறது. அப்போது மைதானம் முழுக்க வெள்ளை. எங்கள் கணினி அதை மேகம் என்று நினைத்து அழித்துவிட்டு, மேகமில்லாத வேறொரு நாளின் படத்தை அங்கே ஒட்டிவிடுகிறது. வேறு நாள் என்றால் நீங்கள் விடுமுறை விட்ட நாள். வெறும் மண்.

மேலதிகாரியிடம் காட்டினேன். "எப்பவும் ஒரே இடத்துல நிக்கிற மேகம் போல. விடும்மா," என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு யோசனை. வரும் இருபதாம் தேதி காலை நீல விரிப்புகளை மட்டும் போடுங்கள். கருவி பார்த்துவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

உன் வாலு

மார்ச் 17

வாலு,

நீல விரிப்பு இருக்கிறது. போட மாட்டோம். ஆஸ்பத்திரி தருவது வெள்ளை. ரத்தமும் சீழும் பட்டு வருவதை வெளுத்துக் கொடுக்கிறோம். எங்களைப் பார்ப்பதற்கு மட்டும் நாங்கள் நிறம் மாற்ற வேண்டுமாம். நோட்டீஸ் கொடுத்தவர் மைதானத்து வாசலில் நின்றுதான் கொடுத்தார். தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். இதற்கு ஆகாயம் வரை போக வேண்டுமா?

அது மேகம் இல்லை என்று உன் ஆபீசில் ஒருத்திக்குத் தெரியும். அவள்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நோட்டீஸ் மீதான விசாரணை இருபத்தாறாம் தேதி. நீ வராவிட்டாலும் போவோம்.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன். கூட்டத்தில், திரையில் அந்த வெள்ளைத் திட்டு இருந்தபோது. "அது மேகம் இல்ல சார். எங்கண்ணன் காயப்போட்ட துணி. நாங்க சலவைக்காரங்க."

தினமும் என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடும் தோழி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி அவ்வளவு நிச்சயம் என்று மேலதிகாரி கேட்டார். சின்ன வயதில் அந்த விரிப்புகளுக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறேன் என்றேன். ஈரத்துணி வழியே வெயில் பால் மாதிரி இறங்கும். காற்றடித்தால் வானமே மேலே போய்க் கீழே வரும். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

ஒரு மைதானத்துக்காகக் கணினியை மாற்ற முடியாதாம். ஆனால் அழிக்காத படங்களைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு நானே கொண்டுவருகிறேன். ஜெயிப்போமா, தெரியாது.

முந்தின நாள் விடியும்போதே வந்துவிடுவேன். அன்று காலையும் கருவி கடக்கும். வெள்ளையே போடுவோம். கணினி மறுபடி மேகம் என்றுதான் எழுதும். எழுதட்டும். பெரிய விரிப்பை நீ தனியாக உதறாதே. மறுமுனையை நான் பிடிக்கிறேன்.

உன் வாலு