துரை வீட்டு சூப்புக்கு உப்பு பார்த்தவள்

நம் மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை, சூப் கேட்டான். லாயாங்-லாயாங் ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு டின் வெண்ணெய் வாங்கி வந்தேன். டின்னைத் திறந்ததும் எழுந்த வாசனையில் நீங்கள் சமைத்த துரை பங்களா குசினிக்கே போய்விட்டேன். அடுப்பின் முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள், வழக்கம்போல் தோளில் துண்டோடு.

அந்த சூப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயத்தை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, வெண்ணெயில் வறுத்த மாவும் பாலும் சேர்த்து ஒரு கொதி விட வேண்டியதுதான். துரை குளித்துவிட்டு வருவதற்குள் ஆகிவிடும். கூழ் காய்ச்சத் தெரிந்த எவளும் இதைச் செய்வாள் என்று நான் கேலி செய்வேன். கூழ் என்றால் துரை குடிக்க மாட்டார், சூப் என்று சொல்ல வேண்டும் என்பீர்கள்.

பிறகு அந்த மலேரியா வந்தது. கொய்னா மருந்து குடித்துப் பிழைத்து எழுந்தீர்கள், ஆனால் நாக்கு செத்துப் போயிருந்தது. உப்பும் சர்க்கரையும் உங்களுக்கு ஒன்றுதான். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்தே பல குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ருசி தெரியாத சமையல்காரனை எந்தத் துரை வைத்துக்கொள்வான்? ஊரில் நமக்கென்று ஒரு குடிசைகூட இல்லை.

பங்களாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, கரண்டியை ஊதி ஊதி ஆற்றி, வாயருகே நீட்டினீர்கள். "இனிமே நீதான் எனக்கு நாக்கு, புள்ள."

சூப்பை நான் அன்றுதான் வாயில் வைத்துப் பார்க்கிறேன். காரமும் இல்லை, புளியும் இல்லை, பத்தியக் கஞ்சி மாதிரி இருக்கிறது என்றேன். என் பேச்சைக் கேட்டு மிளகை அள்ளிப் போட்டீர்கள். மேசையில் துரை இருமின இருமல் குசினி வரை கேட்டது. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் இதையே வைக்கச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து எல்லாம் என் வாய் வழியாகத்தான் மேசைக்குப் போயிற்று. ஒருநாள் வாய் நிறைய சூப்போடு நிற்கிறேன், துரைசானி உள்ளே வந்துவிட்டாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் விழிக்க, இவளுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் கொடுத்தேன் என்று கொஞ்சமும் கலங்காமல் மலாயில் சொன்னீர்கள். அவள் பரிதாபப்பட்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள். அன்று ராத்திரி வீட்டில் நாம் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. ஆனாலும் அந்த வருஷங்கள் முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு சளி பிடித்தால் நம் வேலையே போய்விடும் என்ற பயம்.

பங்களாவை விட்டு இங்கே வந்த பிறகு நீங்கள் நோயில் படுத்தீர்கள். வெண்ணெய்க்கு எங்கே போவது? பரங்கிக்காயை வேகவைத்து, மாவுக்குப் பதில் ஒரு பிடி சோற்றைச் சேர்த்து மசித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொண்டுவந்தேன். ஒரு வாய் வாங்கினீர்கள்.

"உப்பு போட மறந்துட்ட, புள்ள."

விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். வாயில் விட்டுப் பார்த்தால் உப்பே இல்லை. ருசி எப்போது திரும்பியது என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அந்தக் காய்ச்சலுக்கு அடுத்த தீவாளிக்கே வந்துருச்சு. சொன்னா நீ பாத்திரம் கழுவப் போயிடுவியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷம் நெஞ்சு படபடக்கக் கரண்டி கரண்டியாகக் குடித்திருப்பேன்! என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினேன். பொழுது சாயும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களோ சிரித்துக்கொண்டே படுத்திருந்தீர்கள். மறுவாரம் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் எனக்கு உங்கள்மேல் இருக்கும் ஆசையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்று மகனுக்கு ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி வாயில் விட்டேன். ரொம்ப நேரம் அப்படியே நின்றிருக்கிறேன் போல. அவன் உள்ளிருந்து, "என்னம்மா, யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டான்.

உப்பு சரியாக இருக்கிறதுங்க.