பம்பையோடு சேர்ந்த உன் பாட்டு

புது பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸைப் பிரித்தால் கோந்தும் பலகையும் கலந்து ஒரு வாசனை வரும். இன்று காலை என் அதியமான்கோட்டைக் கடையில் ஒன்றைப் பிரித்தேன். வாங்க வந்தவர் ஏதாவது பாட்டுப் போடச் சொன்னார். பழக்கத்தில் கை உன் பென்டிரைவைச் சொருகிவிட்டது. தடதடவென்று ஓடுகிற பாட்டுக்கு நடுவில், டிரம் அடங்குகிற இடத்தில், நீ பேசிப் பதிந்து வைத்த குரல்: "சவுண்டு வருதுங்களா? கடைசில நிக்கறவங்களுக்கு வருதுங்களா?" வந்தவர் முன்னால் அழக் கூடாதென்று வயரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நீ கட்டிய டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகப் பாட்டு எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை, மாப்ள. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிறது என்பேன். ஆனால் தீர்த்தமலைப் பக்கம் ஒரு விழாவில் இளவட்டங்கள் அதற்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் பெரிய பாக்ஸாக வாங்கிப் போட்டேன். பாட்டு உனக்கு, ஏவாரம் எனக்கு. அப்படித்தான் ஒத்துப்போனோம்.

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தெரியாமல் தாண்டுகிறாய் என்று கேட்டேன். "வேகம் ஒண்ணா இருக்கணும், சுருதி பக்கத்து வயலா இருக்கணும்டா ஏவாரி. மடையத் தொறந்தா தண்ணி தானா போவும்" என்றாய். நான் ஒருமுறை உன் டிஜே மெஷினில் வேகத்தை ஏற்றிப் பார்த்தேன். பாடினவர் குரல் எலி கீச்சிடுவதுபோல் ஆகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு கீ லாக் பொத்தானைக் காட்டினாய். அதை அமுக்கினால் வேகம் மட்டும் மாறும், சுருதி அப்படியே நிற்கும். "எவ்ளோ வேகமா வேணா ஓட்டு. ஆளு மட்டும் மாறக் கூடாது."

காய்ச்சல் என்றுதான் படுத்தாய். ஆஸ்பத்திரியிலும் அடுத்த விழாவுக்கு எந்த பாக்ஸ் என்று கேட்டாய். அந்த விழா வருவதற்குள் உன்னைப் பிணமாக உன் ஊர் ஏரியூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

போன மாதம் உன் தங்கச்சிக்குக் கல்யாணம். உங்கள் வழக்கப்படி அதற்கு முன் கிணற்றடியில் பம்பை மேளம் அடித்து, செத்துப்போனவர்களை வீட்டுக்கு அழைக்க வேண்டும். இந்த முறை அழைக்கப்பட வேண்டியவன் நீ. உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "பம்பைக்கு அவன் வருவானோ மாட்டானோ, சாமி. அவன் பாட்டுக்குன்னா வருவான். அவன் பேசறதும் அதுல இருக்குதாமே, போடு."

எனக்குத் தெரிந்தது விற்பது மட்டும். பயந்துகொண்டேதான் மெஷினைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். பம்பையின் அடியை எண்ணிப் பார்த்தேன். உன் வேகம் நிமிடத்துக்கு 174 அடி, பம்பைக்காரர்களுடையது சரிபாதி. அவர்கள் ஒரு அடி நடக்க, நீ இரண்டடி ஓடலாம். ஓடினாய். பேஸ் பம்பைக்கு அடியில் போய்ப் பாய் விரித்ததுபோல் உட்கார்ந்தது. நம் பக்கத்துப் பம்பையின் சுருதிக்கே அதை வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லவேயில்லையே நீ.

பம்பைக்காரருக்கு ஆவேசம் ஏறி அடியை முடுக்கினார். உன்னையும் முடுக்கியாக வேண்டும். ஆனால் உன் குரல் வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது கீச்சென்று வந்தால் உன் அம்மாவுக்கு யாரோ ஒருவன்தான் வந்திருப்பான். கீ லாக்கை அமுக்கிவிட்டு வேகத்தை ஏற்றினேன்.

டிரம் அடங்கியது. "சவுண்டு வருதுங்களா?" நீ கேட்டாய். நீயேதான் கேட்டாய். பம்பைக்காரர் கையைத் தாழ்த்தினார். தண்ணீர்ச் செம்பை மார்போடு அணைத்திருந்த உன் அம்மா, பாக்ஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "வருது சாமி. நல்லா வருது. வா, வூட்டுக்குப் போலாம்."

செத்தவர்கள் வருவார்கள் என்று நான் நம்புகிறவன் இல்லை. உனக்குத் தெரியும். இருந்தும் உன் அம்மா வீடு சேரும் வரை பாட்டை நிறுத்தவில்லை.

இப்போது எங்கே பாக்ஸ் கட்டினாலும் கூட்டத்தின் கடைசி வரை நடந்துபோய் நின்று கேட்கிறேன். நீ இருந்தவரை ஒருநாளும் போனதில்லை. அங்கே சவுண்டு நன்றாகத்தான் வருகிறது. வருகிறது என்று கையைத் தூக்கிக் காட்டத்தான், மெஷினுக்குப் பின்னால் நீ இல்லை.