அளவெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அய்யா

என் அய்யாவுக்கு, உங்கள் கால்களைத் தொட்டுக் கும்பிட்டு ஈஸ்வரி எழுதுவது.

நேற்று அம்மாவும் நானும் மதுரைக்குப் போய்வந்தோம். என் கால்களுக்கென்று தனியாக அளவெடுத்து ஹாக்கி ஸ்கேட்ஸ் செய்யச் சொல்லியிருக்கிறோம். வந்து சேர மூன்று மாதம் ஆகுமாம். மாநில அணிக்கான தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. அதனால் இந்த வருடம் நான் தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் கூப்பிடுவார்களா, தெரியாது. எனக்கு இருபத்து நான்கு ஆகிவிட்டது அய்யா. பதினேழு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால் கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பீர்கள்.

நம் ஊரில் வேறு யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. நான்கு சக்கரம் ஒரே வரிசையில் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மட்டையால் வட்டை அடித்துக் கோல் போடும் ஆட்டம் என்று டீக்கடையில் நீங்கள்தான் எல்லோருக்கும் விளக்குவீர்கள். ராமநாதபுரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் நான் அதில் சேர்ந்தபோது, மிளகாய் மூட்டை ஏற்றிப் போன வண்டியிலேயே மதுரைக்குப் போய் எனக்கு முதல் ஜோடி வாங்கி வந்தீர்கள். "வளர்ற காலுத்தா, ரெண்டு நம்பர் கூடவே எடுத்தேன்" என்றீர்கள். முன்னால் துணி அடைத்துக்கொண்டு ஓடினேன். அடுத்தடுத்து வாங்கிய ஜோடிகளும் அப்படித்தான்.

எனக்கு உங்கள் கால். விரல் பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். அகலத்துக்காகப் பெரிய நம்பராக வாங்குவோம். நீளம் மிஞ்சிப்போகும், குதிகால் உள்ளே ஆடும். ஆடாமல் இருக்க நாடாவை இறுக்குவேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பாதம் மரத்துப் போகும். ஆட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சென்னைக்கு வந்த அந்த நாளைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுதாகப் பேசியதில்லை. என் ஆட்டத்தை நீங்கள் பார்க்க வந்த ஒரே தடவை அது. ரப்பர் செருப்போடு வந்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று கடைத்தெருவில் கறுப்பு ஷூ வாங்கினீர்கள். கடையில் இருந்த பெரிய நம்பரே அதுதான், அதுவும் உங்கள் காலுக்கு இறுக்கம். பஸ்ஸை விட்டு இறங்கியபோதே நான் கேட்டேன்.

"புடிக்குதாய்யா? கழட்டிட்டு வேற போடுறியளா?"

"ஒரு நாளுதானத்தா. நீ போயி வெளாடு."

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஷூவோடு சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். அரையிறுதியில் தோற்றோம். நான் போட்ட ஒரு கோலுக்கு எழுந்து நின்று துண்டை வீசினீர்கள். திரும்பிப் பார்த்தேன், உங்களுக்குத் தெரியுமா? பார்த்துவிட்டுத்தான் அடுத்த வட்டைத் தவறவிட்டேன்.

ஊருக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸோடு தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் பதறினேன். "வலிக்கலத்தா" என்று சொல்லிவிட்டு மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு மறுநாளே மிளகாய்க் கொல்லைக்கு வேலைக்குப் போனீர்கள். பதினோரு நாள் கழித்து, வாடை வருகிறது என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். சர்க்கரை உங்களுக்கு எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது. கருவேல முள் பாதத்துக்குள் ஒடிந்து கிடந்ததே தெரியாமல் நீங்கள் நடந்ததை நாங்கள் திடகாத்திரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் இரண்டு விரல். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். "வலி இருந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பாரும்மா, வலி தெரியாததுதான் இந்தச் சீக்கு" என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அதைச் சொன்ன நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது உண்மையிலேயே உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும் நான் ஆடி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தீர்களா? டாக்டர் சொன்னதை அம்மா நம்புகிறாள். எனக்கு ஒரு நாள் அது நிஜம் போலவும் ஒரு நாள் இது நிஜம் போலவும் இருக்கிறது.

ஒரு வருடம் நான் ஸ்கேட்ஸைத் தொடவில்லை. மண்டபம் ஊரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போட்டதுதான், மறுபடி பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தனுஷ்கோடிக்குப் போய்விடுவேன். சுற்றுலா வண்டிகள் வருவதற்குள் அந்த நேர்ச்சாலையில் ஏழெட்டு நடை ஓடிவிடலாம். ஓரமாகப் போனால் மணல் சக்கரத்தில் ஏறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கடல் இரைந்துகொண்டிருக்கும், எதிர்காற்று ஆளை நிறுத்திவிடும். பழைய வேகம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. என் பழைய கோச்சும் வந்து பார்த்துவிட்டு, தேர்வுக்கு வா என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வலது கணுக்காலின் உட்புறம் கொப்புளம் வந்தது. உடைந்தது. அதன் மேலேயே இன்னொன்று வந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட சாக்ஸை அம்மா எடுத்துப் பார்த்துவிட்டாள். தண்ணீரில் ஊறியும் போகாத ரத்தம். கையில் அதைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"இது என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வலிக்கல."

நான் சொல்லி முடிக்கவில்லை, ஈரச் சாக்ஸாலேயே என்னை அடித்தாள். கன்னத்தில், தோளில், கையில். என்னைப் பெற்றதிலிருந்து அவள் கை நீட்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல இனிமே யாரும் சொல்லக் கூடாது. ஒரு காலக் குடுத்து ஒரு ஆளயும் குடுத்தாச்சு. உனக்கு எத்தன காலு இருக்கு, குடுக்கிறதுக்கு?"

ஸ்கேட்ஸைக் கிணற்றில் போடப் போகிறேன் என்றாள். மூன்று நாள் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டாள். நான்காம் நாள் அவளே கேட்டாள். "காலுக்குச் சேருற மாதிரி கெடைக்கவே கெடைக்காதா அது?"

அப்படித்தான் மதுரைக்குப் போனோம். ஸ்கேட்ஸ் மட்டுமே விற்கிற சின்னக் கடை. நடத்துகிறவர் ரெஜினா அக்கா, ஒரு காலத்தில் ஆடியவர். என் பழைய பூட்ஸுக்குள் இருந்த மெத்தையை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார். என் பாதம் இரண்டு பக்கமும் வழிந்தது. முன்னால் ஒன்றரை விரற்கடை சும்மா கிடந்தது.

"இதுல எப்பிடிம்மா ஓடுன?" என்றார் அவர்.

அகலமான வகைகளாக ஆறு ஜோடி எடுத்துப் போட்டார். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் அசையவே கூடாது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தோம். இடது கால் ஒன்றில் சரியாக உட்கார்ந்தது. வலது எதிலும் உட்காரவில்லை. பத்து வருடம் பொருந்தாததைப் போட்டு இறுக்கியதில் கணுக்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வளர்ந்துவிட்டதாம். தடவிப் பார்த்தேன். நெல்லிக்காய் மாதிரி இருந்தது. எப்போது வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் ரெஜினா அக்கா. "இந்த ஜோடியச் சூடு பண்ணி, எலும்பு இருக்கிற எடத்துல வெளிய தள்ளிவிடலாம். இன்னைக்கே கொண்டு போகலாம். ஆனா அந்த எடத்துல உரசாதுன்னு என்னால சொல்ல முடியாது. இன்னொண்ணு, அச்சு எடுத்து அனுப்பினா உன் காலுக்குன்னே செஞ்சு வரும். மூணு மாசம். அதுவரைக்கும் புண்ணு ஆறட்டும்."

"மொதச் சொன்னதையே குடுங்கக்கா," என்றேன். "அஞ்சு வாரந்தான. சமாளிச்சுக்குவேன்."

சொன்ன மாத்திரத்தில் என் குரல் எனக்கே கேட்டது. நீங்கள் பஸ் நிலையத்தில் சொன்னீர்களே, அதே இழுப்பு, அதே அலட்சியம். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு, தரையில் இருந்த என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நான் வெளியே போய் கோச்சுக்கு போன் செய்தேன். தேர்வைத் தள்ள முடியாது, இடத்தையும் பிடித்துவைக்க முடியாது என்றார். நல்ல மனிதர்தான், அவருக்கும் கஷ்டமாக இருந்தது. "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் சார் என்றேன். அப்புறம் அந்த நடைபாதையில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே வந்து அச்சு எடுக்கச் சொன்னேன். ஈரமான மாவுக்கட்டுத் துணியை முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை சுற்றினார்கள். சூடேறிக் காய்ந்ததும் கீறிக் கழற்றி மேசையில் வைத்தார்கள். வெள்ளையாக, வெட்டி எடுத்த கால் மாதிரியே இருந்தது. அம்மா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வரும் பஸ் பரமக்குடி தாண்டியது. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"எனக்கும் ஆறேழு மாசமா உள்ளங்காலு மதமதன்னு இருக்கு ஈஸ்வரி. பஞ்சு மேல நடக்குற மாதிரி. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரிய மாட்டேங்குது."

நான் அவள் கையைப் பிடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்தேன் அய்யா. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, சுண்டுவிரல் இடுக்கில் ஒரு சின்னப் புண். அவளுக்கு அது இருப்பதே தெரியாது. சீழ் இல்லை. கழுவித் துடைத்துத் துணி சுற்றியிருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் அவளுக்கு முன்னால் தைரியமாக நிற்பீர்கள். நான் அப்படி நின்றுவிடுவேனா, தெரியவில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு நாளும் அவள் கொல்லைக்குக் கிளம்பும் முன் அவளுடைய இரண்டு பாதங்களையும் என் மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்கு இடுக்காகப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்று அவள் காலை இழுத்துக்கொண்டாலும் விடமாட்டேன். எங்கள் இரண்டு பேரில் யார் ஒன்றுமில்லை என்றாலும், இனி காலைப் பார்க்காமல் வெறும் பேச்சை வைத்து நாங்கள் நம்பப் போவதில்லை.

அம்மாவின் காலடியில் உட்கார்ந்து இதை எழுதும்
உங்கள் மகள்,
ஈஸ்வரி