கல்லறைக் கல்லில் அப்பா பெயர்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
12.9.2008

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதானே முறை, எழுதிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் பாடு. ஜெர்மனியில் நீ நல்லபடியாக இருக்கத் தேவதாயிடம் வேண்டிக்கொள்கிறேன். அப்பா அடக்கத்துக்கு உனக்கு டிக்கெட் கிடைக்காமல் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை ராசா. போனில் வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உலோகம், பீங்கான் இதையெல்லாம் ஆராய்கிறவர்களில் உலகத்திலேயே முதல் நூறு பேர் யார் என்று பட்டியல் போட்டார்களே, ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தரம் மேற்கோள் காட்டினார்கள் என்று கம்ப்யூட்டரில் எண்ணி, அதில் உன் பெயர் வரவில்லை என்று சித்திரை மாதம் அப்பாவுக்குப் போன் செய்தாய். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் ஏது, அப்பா பெயர்தான் இனிஷியல், அது தெரியாமல் அங்கே உன் முதல் கட்டுரைகளில் பவுல்ராஜ் என்று போட்டுவிட்டார்கள், பிறகு நீ செல்வின் என்று மாற்றிக்கொண்டாய், கம்ப்யூட்டர் இரண்டு ஆள் என்று பிரித்து எண்ணிவிட்டது, சேர்த்து எண்ணியிருந்தால் உள்ளே வந்திருப்பேன் என்றாய். கடைசியில், ஒங்க பேருதாம்ப்பா நடுவுல வந்து கெடுத்துருச்சு என்றாய். மனவருத்தத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அவர் போனை வைத்துவிட்டு அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனுசன் செய்த கூத்தைக் கேள். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி விறகோடு போட்டார். கோவில் திருவிழா நோட்டீஸில் எம்பேரு வேண்டாம்ங்க என்று உபதேசியாரிடம் போய்க் கெஞ்சினார். உனக்காகப் பூசை கொடுத்தபோதும் பவுல்ராஜ் மகன் என்று வாசிக்காதீங்க, வெறும் செல்வின்னு வாசிங்க என்றாராம். தன் பெயர் இருக்கிற இடத்தையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் எண்ணுகிறது, எண்ணி உன்னை மறுபடியும் பிரித்துவிடும் என்று அவருக்குப் பயம். நான் சிரித்தேன், பாவி. பக்கத்து வீட்டு பிரின்ஸி கம்ப்யூட்டர் டீச்சர்தானே, அது கட்டுரைய மட்டுந்தான் மாமா எண்ணும், கோவில் நோட்டீஸையெல்லாம் எண்ணாது என்று எவ்வளவோ சொன்னாள். ஒனக்குத் தெரியாது தாயி, எம்புள்ளயே சொன்னான் என்று அவள் வாயை அடைத்துவிட்டார். பிரின்ஸி உனக்கு மெயில் போட்டாளாம், நீங்களே மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே என்று. நீ பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மைப் படம் மட்டும் அனுப்பினாயாம். உனக்கு ஆயிரம் சோலி இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி.

ஆடி மழையில் நெஞ்சு வலி என்று ஜீப்பில் ஏற்றி மலை இறங்கினோம். பெருமாள்மலை தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லறையில எம்பேரு போடாத மேரி, தகப்பன்னு மட்டும் போடு, புள்ளைக்கு இன்னொரு வாட்டி எடஞ்சல் ஆகக்கூடாது என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை. ஹாஸ்டலில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்ட மனுசன், தன் பெயரே தன் பிள்ளைக்குத் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். என்னால் தாங்க முடியவில்லையடா.

கல் கொத்துகிற திருமலைச்சாமி நேற்று வந்து என்னம்மா எழுத்து போடணும் என்று கேட்டார். பவுல்ராஜ், செல்வினின் தகப்பன் என்று பெரிதாகக் கொத்தச் சொல்லிவிட்டேன். புருசன் கடைசியாகக் கேட்டதை மீறியிருக்கிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதே. சேசு மரி சூசை உன்னைக் கைவிடமாட்டார்கள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள், மறக்காமல் இப்போதே லீவு கேள். வந்து மெழுகுவத்தி ஏற்றாவிட்டாலும் பரவாயில்லை. ஒங்க பேரு எனக்கு எடஞ்சல் இல்லப்பா என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல். நான் சொல்லியும் நம்பவில்லை, பிரின்ஸி சொல்லியும் நம்பவில்லை, நீ சொன்னால்தான் அவர் நம்புவார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பவுல்ராஜ் மனைவி புஷ்பமேரி